உடைந்த போர்வீரனை எறிந்துவிடலாமா?

பொருள்களுக்கும் ஆயுள் உண்டு. ஆனால் அந்த ஆயுளைப் பெரும்பாலும் நாமே முடித்துவைக்கிறோம். நாற்காலியின் கால் ஆடினால் பரணில் ஏற்றுகிறோம். கடிகாரம் நின்றால் மேசையறைக்குள் தள்ளுகிறோம். பொம்மையின் கை ஒடிந்தாலோ குப்பைத் தொட்டியை நாடுகிறோம். முன்னிரண்டுக்கும் ஒரு தச்சரோ கடிகாரக்காரரோ என்றேனும் ஒரு நாள் கைகொடுக்கக்கூடும். பொம்மைக்கு எவர் உண்டு? ‘விளையாட்டுச் சாமான்தானே!’ என்ற ஒரே சொல்லில் அதன் கதை முடிந்துவிடுகிறது. அந்தச் சொல்லை மறுப்பதற்கே இக்கட்டுரையில் புகுந்தேன்.

விளையாட்டுப் பொருள்கள் பல. அவற்றுள் நான் பேச விழைவது, ஓர் அங்குல உயரமே உள்ள போர்வீரர் உருவங்களைப் பற்றி. மேசையின்மேல் மலையும் ஆறும் கோட்டையும் சிறிய அளவில் அமைத்து, இரு பக்கமும் படைகளை நிறுத்தி, அளவுகோலால் தூரம் அளந்து, பகடையால் வெற்றி தோல்வி கண்டு ஆடும் ஆட்டம் ஒன்று உண்டு. நம் விடுதியிலும் அதில் தோய்ந்தவர் சிலர் இருக்கின்றனர். நானும் அவருள் ஒருவன். வாள் முறிந்தவன், தலை போனவன், குதிரையை இழந்தவன் என்று அடிபட்ட வீரர்கள் என் தகரப் பெட்டியில் எப்போதும் பத்துப் பேருக்குக் குறையமாட்டார்கள். அவர்களை மீண்டும் களத்தில் நிறுத்துவதே எனக்கு ஆட்டத்தைவிடப் பெரிய இன்பம்.

‘இது மேனாட்டார் பொழுதுபோக்கு அன்றோ? நமக்கும் இதற்கும் என்ன உறவு?’ என்று கேட்பார் கேட்கலாம். இன்றுள்ள வடிவில் இது மேனாட்டிலிருந்து வந்ததே, அதில் ஐயமில்லை. பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்பார் 1812இல் போர்க்களத்தையே மேசையாக்கி அரசனுக்குக் காட்டினார். அவர் மகன் 1824இல் அதனைப் படை அதிகாரிகளுக்குரிய பயிற்சியாக்கினார். 1893இல் இலண்டனில் வில்லியம் பிரிட்டன் என்பவரின் நிறுவனம் உள்ளே பொள்ளலாக ஈய வீரர்களை வார்க்கும் முறையைக் கண்டது. விலை குறைந்தது, வீட்டுக்கு வீடு ஒரு படை எழுந்தது. எச். ஜி. வெல்ஸ் 1913இல் இவ்வாட்டத்துக்கு விதி வகுத்துச் ‘சிறு போர்கள்’ என்று பொருள்படும் நூலொன்று வெளியிட்டார். இன்று உலகெங்கும் ஆடப்படும் ‘வார்ஹாமர்’ 1983இல் தோன்றியது. இவ்வளவும் உண்மை.

ஆயினும் படையைச் சிறிதாக்கி விளையாடும் எண்ணம் நமக்குப் புதிதா? பட்டினப்பாலையைப் படித்தவர் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் உருட்டிய மூன்று சக்கரச் சிறுதேரை அறிவர். குதிரை பூட்டாத தேர் அது. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஆண்பாற் பிள்ளைக்குச் சிறுதேர்ப் பருவம் என்று ஒரு பருவமே வகுத்தனர். தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையைக் கட்டத்தில் நிறுத்தியதன்றோ சதுரங்கம்? நவராத்திரி வந்தால் ஒன்பது நாளும் படியேறி நிற்கும் கொலுப் பொம்மைகள் யாவை? ஆண்டு முழுதும் பழந்துணி சுற்றிப் பெட்டிக்குள் உறங்கி, ஒடிந்த விரலோடும் உரிந்த வண்ணத்தோடும் வெளிவரும் அந்த மண் உருவங்களுக்கும் என் ஈயச் சிப்பாய்க்கும் வேண்டும் மருத்துவம் ஒன்றே. ஆகவே இதனை அயலார் சங்கதி என்று ஒதுக்குவதற்கில்லை.

எனக்கு இதில் இத்துணை அக்கறை பிறந்ததற்கு என் ஊரும் ஒரு காரணம். தென் அந்தமானில் உள்ள பெரார்கஞ்ச் என் ஊர். 1923 முதல் 1931 வரை அத்தீவுகளின் தலைமை ஆணையராயிருந்த ஃபெரார் என்னும் ஆங்கிலேயரின் பெயரைத் தாங்கிய சிற்றூர் அது. பாக்கும் தென்னையும் சூழ்ந்த அவ்வூரில் போர்வீரர் உருவம் விற்கும் கடையை நான் கண்டதில்லை. 2024 வரை போர்ட் பிளேயர் என வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்துக்குச் சென்னையிலிருந்து கப்பலில் வந்துசேர ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். கடல் கடந்து வந்த பொருள் உடைந்தால், ‘போனால் போகட்டும், நாளை வேறு வாங்குவோம்’ என்று சொல்ல முடியாது. ஒட்டத் தெரிந்தால் பொருள் உண்டு, தெரியாவிடில் இல்லை. தீவில் வாழ்வோர்க்குப் பழுதுபார்த்தல் என்பது சிக்கனம் மட்டுமன்று, தன்மானமும் ஆகும்.

ஊரின் காற்றும் எனக்கு ஆசிரியராயிற்று. ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் நிலம் அது. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நனைக்கும். ஈரமும் உப்பும் கலந்த அக்காற்றில் கம்பி துருவேறும். காகிதக் கூழ் பொம்மை ஊறி உப்பும். அட்டைப் பெட்டி பூஞ்சணம் பூக்கும். நெடுநாள் மர அலமாரியில் அடைத்துவைத்த ஈய வீரனைத் திறந்து பார்த்தால் அவன்மேல் வெண்ணீறு பூத்திருக்கும். மரத்திலிருந்தும் பலகையை ஒட்டிய பசையிலிருந்தும் மெல்ல வெளிப்படும் புளிப்பு ஆவி, ஈரத்தோடு கூடி ஈயத்தை அரிப்பதால் உண்டாகும் நோய் அது. அடைத்துவைப்பதே பாதுகாப்பு என்பது நம்மவர் நம்பிக்கை. ஈயத்துக்கோ மூடிய மரப்பெட்டியே பகை. கண்ணாடியும் உலோகமும் உலர்ந்த காற்றுமே துணை.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு உயர்ந்த உள்ளங்களிலிருந்து எழுவது. ‘அமைதியை நாடும் நாம் போர்ப் பொம்மைகளைப் போற்றலாமா? உடைந்தவை உடைந்தே ஒழியட்டுமே!’ என்பர். போரின் கொடுமையை ஏட்டில் மட்டும் படித்த ஊர் அன்று எங்கள் தீவு. 1942 மார்ச்சு 23ஆம் நாள் ஜப்பானியப் படை அங்கே இறங்கியது. 1945 வரை ஆண்டது. அவர்கள் கட்டிய காங்கிரீட்டுப் பதுங்கறைகள் கரையோரங்களில் இன்றும் நிற்கின்றன. 1944 சனவரி 30ஆம் நாள், ஒற்றர் என்ற பழியின்பேரில் 44 பேர் ஹம்ஃப்ரிகஞ்சில் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவரையாவது எந்தப் பசை கொண்டு எவரால் மீட்க முடிந்தது? தலை போன ஈயச் சிப்பாய்க்குத் துளையிட்டுத் தலை பொருத்தும் ஒவ்வொரு முறையும் எனக்கு இந்த வேறுபாடு நினைவுக்கு வருகிறது. சிறுபோரை ஆடிப் பார்த்தவன் பெரும்போர் எத்துணை மடமை என்பதை உணர்வான் என்பதே வெல்ஸின் கருத்தும். அவர் நூல் வந்த மறு ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது. ஆட்டத்தின் குற்றமன்று அது. ஆட்டத்தோடு நிறுத்திக்கொள்ளத் தெரியாதவர்களின் குற்றம்.

இரண்டாம் மறுப்பு காலத்துக்கேற்றது. ‘கணினியில் உருவம் வரைந்து, ரெசின் என்னும் பிசினால் ஒரே இரவில் அச்சிட்டு எடுத்துக்கொள்ளலாமே! பழையதை ஒட்டிக்கொண்டு காலத்தை ஏன் கழிப்பது?’ என்பர். அச்சிடும் எந்திரத்தை நான் பழிக்கவில்லை. தொலைந்துபோன ஒரு கையையோ வாளையோ செய்துகொள்ள அதுபோல் உதவுவது வேறில்லை. ஆனால் அது தருவது உருவம் மட்டுமே. பத்தாண்டுகளுக்குமுன் ஒருவர் கண்ணைச் சுருக்கி, மூச்சை அடக்கி, ஒற்றை மயிர்த் தூரிகையால் அவ்வீரனின் விழியில் வைத்த புள்ளியை எந்த எந்திரம் அச்சிட்டுத் தரும்? தீட்டியவர் இன்று இல்லாமலும் போயிருக்கலாம். அவருடைய கைவண்ணம் உலகில் எஞ்சியிருப்பது அந்த ஓர் அங்குலத்திலேதான்.

மூன்றாம் மறுப்பு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ‘பின்னமான பொம்மை வீட்டுக்கு ஆகாது’ என்று சொல்லி, மூக்குடைந்த செட்டியார் பொம்மையை மரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிடுகிறோம். பெரியோர் மனத்தைப் புண்படுத்த நான் விரும்பவில்லை. வழிபடும் உருவங்களுக்கு உரிய முறையை அவரவர் குடும்பம் அறியும். செட்டியாருக்கும் காவற்காரனுக்கும் கல்யாண ஊர்வலத்துப் பல்லக்குத் தூக்கிக்கும் அந்த விதி எதற்கு? பாட்டி வாங்கிவைத்த பொம்மை மூக்கு ஒட்டப்பெற்று மீண்டும் படியேறினால் வீட்டுக்கு அதனினும் மங்கலம் வேறென்ன?

சிறிய உருவத்தைக் காப்பதில் என்ன பெரும்பயன் என்று இன்னும் ஐயுறுவார்க்கு ஒரு சான்று காட்டுவேன். 1896இல் தொடங்கி 1906இல் கட்டிமுடிக்கப்பெற்ற அந்தமான் சிறைக்கூடம், நடுக் கோபுரத்திலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் ஏழு சிறகுகள் விரிய நின்றது. ஜப்பானியர் காலத்திலும், விடுதலைக்குப் பின்னரும் இடிபட்டு, அவற்றுள் நான்கு மறைந்தன. 1979இல் அது நாட்டு நினைவுச் சின்னமாக்கப்பட்டபோது எஞ்சியிருந்தவை மூன்றே. ஏழு சிறகையும் ஒருசேரக் காண விரும்புவோர் இன்று நாடவேண்டியது அக்கட்டடத்தின் சிறு மாதிரி உருவத்தைத்தான். கல்லும் செங்கல்லும் காக்கத் தவறியதை ஒரு சிறிய மாதிரி காத்து நிற்கிறது. அதன் ஒரு சிறகு ஒடிந்தால், ‘பொம்மைதானே’ என்று நாம் சொல்வோமா?

எனவே பழுதுபார்க்க வேண்டும் என்பது முடிவு. எப்படிப் பார்ப்பது என்பதில்தான் அறிவு வேலை செய்யவேண்டும். மருத்துவர் மருந்து கொடுக்குமுன் நாடி பார்ப்பதுபோல, ஒட்டுவதற்கு முன் பொருள் இன்னதென்று அறிக. கையில் கனத்தால் ஈயம் அல்லது வெள்ளீயக் கலவை. இலேசாகவும் விறைப்பாகவும் இருந்தால் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். வளைத்தால் வளையும் பழைய சிப்பாய்களானால் பாலித்தீன். எளிதில் நறுக்கென்று முறிந்தால் பெரும்பாலும் ரெசின். ஒவ்வொன்றுக்கும் உறவான பசை வேறு.

பாலிஸ்டைரீனுக்கு அதற்கென்றே விற்கும் சிமெண்டு உண்டு. அது ஒட்டுவதில்லை, உருக்கி இணைக்கிறது. இரு முனைகளும் சற்றே கரைந்து, உலரும்போது ஒன்றாகிவிடுகின்றன. அதனால் முறிந்த வாயில் உள்ள வண்ணத்தைச் சுரண்டிவிட்டே அதனைத் தடவவேண்டும். வண்ணத்தின்மேல் தடவினால் வண்ணம் கரையுமேயன்றி உடல் சேராது. உலோகத்திடமோ ரெசினிடமோ அந்தச் சிமெண்டு பலிக்காது. அங்கே ‘பெவிகுவிக்’ போன்ற உடனொட்டும் பசை வேண்டும். காற்றிலுள்ள ஈரமே அப்பசையை இறுகச் செய்கிறது. ஆகவே எங்கள் தீவின் மழைக்காலத்தில் அது கண்ணிமைக்கும் நேரத்தில் பிடித்துக்கொள்ளும். அதன் ஆவி சுற்றிலும் வெண்படலமாகவும் படியும். ஒரு சொட்டுக்குப் பதில் ஊசிமுனையளவு வைப்பதும், காற்றோட்டத்தில் உலரவிடுவதும் அதற்கு மருந்து. அப்பசை இழுவைக்குத் தாங்கும், அடிக்குத் தாங்காது. மேசையிலிருந்து விழுந்தால் ஒட்டிய இடமே மறுபடியும் விட்டுவிடும்.

ஆதலின் கனமான உலோகக் கைகால்களுக்கு உள்ளே ஒரு கம்பி எலும்பு வேண்டும். கையால் திருகும் சிறு துளைப்பானால் இரு முனையிலும் ஒரு மில்லிமீட்டர் துளையிட்டு, ‘ஜெம் கிளிப்’பை நறுக்கி உள்ளே நுழைத்து, பசை வைத்துப் பொருத்துவர். இரு துளைகளும் நேர்க்கு நேர் அமைவதுதான் கடினம். அதற்கோர் எளிய வழி உண்டு. முதல் துளையின் வாயில் ஒரு பொட்டு ஈர வண்ணத்தை வைத்து, மறு துண்டை அதனோடு சேர்த்து அழுத்தி எடுத்தால் அங்கேயும் ஒரு பொட்டு விழும், அப்பொட்டிலேயே துளையிடுக. வளைந்துபோன ரெசின் வாளைக் கையால் நிமிர்த்தினால் முறிந்துவிடும். வெந்நீரில் சிறிது நேரம் அமிழ்த்தி, நிமிர்த்தி, உடனே தண்ணீரில் குளிரவிட்டால் நிமிர்ந்தபடியே நிற்கும். பாலித்தீன் சிப்பாய்க்கு எந்தப் பசையும் நெடுநாள் உறவாடாது. அவனுக்குக் கம்பி எலும்பே கதி.

சிதறித் தொலைந்த பகுதியை நிரப்ப, இரண்டு களிம்புகளைச் சம அளவில் பிசைந்து இறுகவைக்கும் ‘எம்-சீல்’ நம் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கிறது. குழாய் ஒழுக்கை அடைக்க வாங்கும் அதே பொருள் ஒரு தளபதியின் தோளையும் நிரப்பும். விரலை நனைத்துக்கொண்டு பிசைந்தால் கையில் ஒட்டாது. நம் முன்னோரும் இந்த நுட்பத்தை அறியாதவர் அல்லர். விசயவாடாவுக்கு அருகில் உள்ள கொண்டபள்ளியில் மரப்பொம்மை செய்வோர், புளியங்கொட்டை மாவையும் மரத்தூளையும் குழைத்த ‘மக்கு’ என்னும் களிம்பால் உறுப்புகளை இணைத்து வடிவம் தருகின்றனர். களிமண் கொலுப் பொம்மைக்கு அத்தகைய மென்மையான களிம்பே உகந்தது. மண்ணைவிட வலிய பசையைப் பூசினால், அடுத்த முறை அடிபடும்போது பசை நிற்கும். பக்கத்து மண் உடையும்.

இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லியாக வேண்டும். பழைய வீரர்களில் ஈயம் உண்டு. பிரிட்டன் நிறுவனமே 1966இல் ஈய வார்ப்பைக் கைவிட்டது. ஈயத்தை உலர உப்புத்தாளால் தேய்த்துத் தூளை மூக்கில் ஏற்றாதீர். கையைக் கழுவாமல் உண்ணாதீர். குழந்தைகள் கையில் கொடாதீர். ரெசின் தூளும் நுரையீரலுக்குப் பகையே. நீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். உடனொட்டிய பசையைப் பிரிக்க அசிட்டோன் உதவும். ஆனால் அதே அசிட்டோன் பாலிஸ்டைரீன் வீரனைக் கூழாக்கிவிடும்.

கைத்திறனைச் சொன்னேன், அதற்கு மேலாக ஒரு நெறி உண்டு. பழுதுபார்ப்பது வேறு, புதிதாக்குவது வேறு. கோயில் சுவரில் பழைய ஓவியத்தின்மேல் புது வண்ணம் அடித்துவிட்டு ‘திருப்பணி’ என்று பெருமைப்படுவோரைக் கண்டு நாம் நெஞ்சம் குமுறுகிறோம். ஒடிந்த விரல் ஒன்றுக்காகப் பொம்மை முழுவதற்கும் எனாமல் பூசுவோர் செய்வது அதே வேலையை அன்றோ? காயம்பட்ட இடத்துக்கு மட்டும் வண்ணம் இடுக, பகல் வெளிச்சத்தில் பழைய வண்ணத்தோடு ஒப்பிட்டுக் கலந்து இடுக, அங்கேயே நிறுத்துக. பிற்காலத்தார் பிரித்துத் திருத்தக்கூடிய பசை இருக்க, பிரிக்கவே முடியாததை நாடாதீர்.

திப்பு சுல்தானின் மரப்புலி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. வெள்ளைக்காரனைக் கவ்வி நிற்கும் அந்தப் புலி 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கவரப்பட்டு இலண்டன் சேர்ந்தது. இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சால் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் கூரை அதன்மேல் சரிந்து, மரம் நூற்றுக்கணக்கான துண்டுகளாய்ச் சிதறியது. துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்தனர். 1947இல் புலி மீண்டும் காட்சிக்கு வந்துவிட்டது. அதேபோல் வேறொரு புலியைச் செதுக்கி வைத்திருந்தால் அது இலண்டன் புலியாக இருந்திருக்குமேயன்றித் திப்புவின் புலியாக இருந்திராது. பகைவனின் விளையாட்டுப் பொருளுக்கே அவர்கள் அத்துணைப் பொறுமை காட்டினர். நம் பாட்டியின் பொம்மைக்கு நாம் ஓர் அந்திப் பொழுதைக்கூட ஒதுக்கமாட்டோமா?

மாணவத் தோழர்களே! பட்டம் பெற்று வெளியேறும் நம்முள் எத்துணைப் பேருக்கு ஒரு திருகாணியை நேராகத் திருகத் தெரியும்? கட்டடத்தின் வலிமையைக் கணக்கிடக் கற்கிறோம். ஒடிந்த கைப்பிடியை ஒட்டக் கடைக்காரரைத் தேடுகிறோம். மூளைக்கும் கைக்கும் நடுவே நாம் எழுப்பிக்கொண்ட சுவர் இது. ஓர் அங்குல வீரனின் முறிந்த முழங்காலைப் பொருத்த உட்கார்பவன் பொருளியலையும் வேதியியலையும் பொறுமையையும் ஒரே மேசையில் கற்கிறான். தேர்வு வினாத்தாள் அவனைக் கேட்காவிடினும், வாழ்க்கை கேட்கும்.

எனவே நம் மன்றத்தின்முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். மாதம் ஒரு மாலை, மன்ற அறையில் ஒரு பழுதுபார்க்கும் மேசை இடப்படட்டும். ஒரு துளைப்பான், ஒரு சாமணம், உப்புத்தாள், நான்கு வகைப் பசை, ஒரு விளக்கு, இவையே போதும். போர்வீரன் வைத்திருப்பவன் போர்வீரனைக் கொண்டுவரட்டும். கொலுப் பொம்மை வைத்திருப்பவர் கொலுப் பொம்மையைக் கொண்டுவரட்டும். தெரிந்தவர் தெரியாதவர்க்குக் காட்டட்டும். நவராத்திரிக்குமுன் இரண்டு மாலைகளாவது இது நடந்தால், இவ்வாண்டுக் கொலுப்படியில் பின்னமான பொம்மைகள் பல தலைநிமிர்ந்து நிற்கும்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் செயலாளர் அவர்கள் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவருவாராக. அதுவரை எவரிடமேனும் ஒடிந்த கையோ உதிர்ந்த தலையோ இருக்குமாயின், குப்பைத் தொட்டியில் போட்டுவிடவேண்டாம். ஒரு தீப்பெட்டிக்குள் இட்டு, அது எந்தப் பொம்மைக்கு உரியதென்று மேலே எழுதிவையுங்கள்.